ஐந்து சென்டிமீட்டர் பஞ்சம்

பல் பிடுங்க வருகிறவர்களிடம் போய், "பிடுங்குன பல்லை எனக்குத் தாரீங்களா?" என்று கேட்கிற வேலையைச் செய்வேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இரண்டாயிரத்து ஆறிலிருந்து இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். ராமநாதபுரத்தில் டாக்டர் மெஹருன்னிசாவின் பல் ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் கேள்வித்தாள் கட்டு, பக்கத்தில் மூடி போட்ட சின்னச் சின்னக் குப்பிகள். கன்னம் வீங்கி வருகிறவர்கள் வலி கொடுத்த பல்லை விட்டுவிட்டு என்னைத்தான் முறைப்பார்கள்.

மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. ராமநாதபுரம் கடற்கரையிலும் அதற்கு உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களிலும் ஜனங்கள் சின்ன வயதில் என்ன தின்று வளர்ந்தார்கள், அது பின்னால் அவர்கள் எலும்பையும் ரத்தத்தையும் என்ன செய்தது என்று பார்ப்பது எங்கள் திட்டம். தின்பதுதான் உடம்பாகிறது. கார்பன் அணுவில் லேசானது ஒன்று, கொஞ்சம் கனமானது ஒன்று என்று உண்டு. கம்பு, கேழ்வரகு தின்று வளர்ந்த உடம்பில் கனமானது கூடுதலாக இருக்கும், நெல்லுச்சோறு தின்ற உடம்பில் குறைவாக இருக்கும். நைட்ரஜனிலும் அப்படித்தான். அதில் கனமானது கூடினால் மீனோ கறியோ நிறையத் தின்ற உடம்பு என்று பொருள். பல் சிறுவயதில் உருவானதோடு சரி, பிறகு மாறுவதில்லை. ஏழு வயதில் தின்ற கம்பங்கூழ் எழுபது வயதிலும் கடைவாயில் இருக்கும்.

இதில் வேடிக்கை, ஜனங்கள் கேள்வித்தாளில் ஒன்று சொல்வார்கள், பல் வேறொன்று சொல்லும். பொன்னுச்சாமி என்று ஒருவர், பெரிய மீசை, முப்பது ஏக்கர் நிலம். "எங்க வீட்டுல எப்பவும் நெல்லுச்சோறுதாம்மா. கம்பு, வரகெல்லாம் மாட்டுக்குத்தான்" என்று அடித்துச் சொன்னார். பல்லைப் பார்த்தால் முழுக்க முழுக்கக் கம்பு. வாய் விட்டுச் சிரித்தேன். ஆனால் அவரைக் கேலி செய்ய எனக்குத் தகுதியில்லை, எங்கள் வீட்டிலும் விருந்தாளியிடம் அதையேதான் சொல்வோம். சிலர் பல்லைத் தர மாட்டேன் என்றே சொல்லிவிடுவார்கள். யாராவது செய்வினை வைத்துவிட்டால்? பஞ்சில் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவார்கள்.

பல்லோடு முடியும் வாங்கினோம். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். வேர்ப்பக்கம் இருப்பது போன மாதத்துச் சாப்பாடு, நுனியில் இருப்பது என்றைக்கோ தின்றது. ஒரு முழ நீளம் இருந்தால் நாலு வருஷத்துக்கு என்ன தின்றார்கள் என்று மாதம் மாதமாகப் பார்த்துவிடலாம். எங்கள் தலைவர் இதை முதல் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருந்தபோது என் மனசு அங்கே இல்லை. என் வீட்டு பீரோவில் ஒரு சவுரி இருந்தது. அது என் அம்மாவின் முடி, எழுபத்தைந்தாம் வருஷம் அறுத்தது.

என் அம்மா பூமயிலுக்கு முடி முழங்காலைத் தொடும். வெள்ளிக்கிழமை காலையில் அரப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஊருணிக் கரையில் நின்று துவட்டுவாள். நான் அந்த ஈர முடிக்குள் நுழைந்துகொள்வேன். உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக, அரப்பு வாசனையோடு இருக்கும். "சேது, வெளிய வாத்தா, நடக்க முடியல" என்று கெஞ்சுவாள். வர மாட்டேன். முடிக்குள் நான், முன்னால் அம்மா என்று வீடுவரைக்கும் அப்படியே நடந்து வந்திருக்கிறோம். பட்டம், கண்ணாடி, சர்க்கரை எல்லாம் வந்துவிட்ட இந்த நாற்பது வயதில், அந்த ஈர இருட்டுக்குள் இன்னும் ஒரே ஒரு தடவை போகலாம் என்று யாராவது சொன்னால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

அம்மா வாலிநோக்கத்தில் பிறந்தவள். அவள் வீட்டில் எல்லோரும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள். வாக்கப்பட்டு வந்தது கடலாடிக்கு மேற்கே, கடல் காற்றே எட்டாத, வெள்ளாமை செய்கிற எங்கள் சம்சாரி வீட்டுக்கு. என் அய்யா குருநாதன், பெரியப்பா, பெரியம்மா சோணையம்மாள், அவர்கள் பிள்ளைகள், நாங்கள் என்று ஒரே உலை. பெரியம்மா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "உப்பளத்துக்காரி"தான். சாப்பாட்டுக்கு ஒரு வரிசை இருந்தது. ஆம்பிளைகள், பிள்ளைகள், பெரியம்மா, கடைசியில் அம்மா. அம்மா மட்டும் அடுப்படியில் தனியாகப் பானையோடு உட்காருவாள். அந்த நேரத்துக்கு யாரும் அடுப்படிப் பக்கம் திரும்ப மாட்டோம். கடைசி மருமகள் சாப்பிடுவதை எட்டிப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. அதனால் அம்மா என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. சாப்பிடுகிறாள் என்று மட்டும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எழுபத்து நாலில் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையும் ஏமாற்றியது. தையில் கண்மாய் வறண்டு வெடித்தது. பங்குனி பிறந்தபோது மண் குலுக்கையின் அடியில் கம்பு ஒரு சாண்தான் கிடந்தது. ஊர்ச் சாவடிக்குப் பக்கத்தில் அரசாங்கம் கஞ்சித்தொட்டி வைத்தது. "நெலம் வச்சிருக்குற வீட்டுல இருந்து ஒரு ஈ, காக்கா அங்கன போய் நிக்கக் கூடாது" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அந்த நிலத்தில் அந்த வருஷம் ஒரு புல் முளைக்கவில்லை, கௌரவம் மட்டும் நன்றாக விளைந்தது. நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஒளிந்து போய் ரெண்டு தடவை கஞ்சி குடித்தேன். அந்தக் கோதுமைக் கஞ்சியின் ருசி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ விருந்து சாப்பிட்டாயிற்று, அப்படி ஒரு ருசி கிடைக்கவில்லை.

சித்திரையில் அம்மாவின் அண்ணன் இருளாண்டி மாமா வாலிநோக்கத்தில் இருந்து நடந்தே வந்தார். ஓலைக் கொட்டானில் கருவாடு. பெரியம்மா அதை வாங்கிப் பானைக்குள் கொட்டி, பானையை உறியில் ஏற்றிவிட்டாள். அன்றைக்கு ஒரு குழம்பு வைத்தோம். அடுத்தது நாலு நாள் கழித்துத்தான் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, மத்தியானம் தூங்கி எழுந்தேன். அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அவள் வாயில் சுட்ட கருவாட்டு வாடை அடித்தது. எனக்கு ஏழு வயசு. எனக்கும் வேண்டும், அவ்வளவுதான் தோன்றியது. இறங்கி நேராகப் பெரியம்மாவிடம் ஓடினேன். "அம்மா மட்டும் கருவாடு தின்னுருக்கு. எனக்கும் குடு பெரியம்மா" என்றேன்.

பெரியம்மா உறியை இறக்கினாள். எத்தனை இருந்தது, எத்தனை குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது. முற்றத்தில் நின்று கத்தினாள். "அதான பாத்தேன்! எல்லாரும் சுருண்டு கெடக்கோம், இவளுக்கு மட்டும் நாலு கொடம் தண்ணி தூக்கத் தெம்பு எங்கன இருந்து வருதுன்னு. அண்ணங்காரன் நமக்குத் தெரிஞ்சு கொண்டாந்தது இம்புட்டு. தெரியாமக் குடுக்குறது எம்புட்டோ! பெத்த புள்ள பசியில கெடக்க ஒளிச்சுத் திங்கிறவ!" எப்படித் தெரியும் என்று பெரியப்பா கேட்டதற்கு, "எனக்கு மூக்கு இருக்குல்ல" என்று சொல்லிவிட்டாள். என் பெயரை அவள் எடுக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அய்யா புஞ்சைக் காட்டில் இருந்து வந்தார். கேட்டார். அடுப்படிக்குள் போனார், ஒரு நிமிஷத்தில் வெளியே வந்தார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த மாதமே உலை தனியானது. அய்யா எங்கள் பங்குக் குலுக்கை இருந்த உள்ளறைக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவரே திறந்து, படியால் அளந்து, அம்மா நீட்டிய சொளகில் கொட்டினார். மழை பெய்து குலுக்கை நிரம்பிய பிறகும் அப்படித்தான். நான் கல்லூரி முடித்து வந்தபோதும் அப்படித்தான். அவர் தொண்ணூற்றெட்டில் சாகும்வரை இருபத்து மூன்று வருஷம் அம்மா தினம் காலையில் சொளகை நீட்டினாள், அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அளந்து போட்டார். அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். அந்தச் சாவியை மட்டும் கொடுக்க மாட்டார். அம்மாவும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவளைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டிக்கொண்டவரிடம்கூடச் சொல்லவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை கொட்டியது. மழை வந்தால் முடி இறக்குவதாக அம்மா குலசாமிக்கு நேர்ந்திருந்தாள். கார்த்திகையில் கோயிலுக்குப் போனோம். நாவிதர் கத்தி எடுப்பதற்கு முன்னால், பின்னலை அப்படியே அடியோடு அறுத்துத் தரச் சொன்னாள். "சாமிக்கு வேர்முடி போதும். இது எம் புள்ளைக்கு" என்று வேர்ப்பக்கத்தைச் சிவப்பு நூலால் கட்டி மடியில் வைத்துக்கொண்டாள். சாமியிடமும் ஒளிக்கிறாள் பார் என்று பெரியம்மா அதற்கும் ஒரு பேச்சுப் பேசினாள். அந்தப் பின்னல்தான் சவுரியாகி நான் சமைந்தபோது என் தலையில் ஏறியது, கல்யாணத்திலும் ஏறியது.

இரண்டாயிரத்து ஏழு ஆவணியில் ஒரு நாள் பீரோவைத் திறந்து, சிவப்பு நூல் கட்டியிருந்த இடத்தில் இருந்து ஒரு கொத்து முடியைக் கத்தரித்தேன். கழுவி, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் எள்ளளவு தகரக் கிண்ணத்தில் மடித்து, மற்ற மாதிரிகளோடு வடக்கே மிஷின் இருந்த இடத்துக்கு அனுப்பிவிட்டேன். பெயர் எழுதும் வழக்கம் இல்லை. மாதிரி எண் அறுபத்தொன்று, பெண், வயது இருபத்தொன்பது. செய்தது தப்புதான். தலைவரிடம் கேட்கவில்லை, அம்மாவிடமும் கேட்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு நாள் ரெண்டு நாள் தின்ற மீன் முடியில் தெரியாது, மாதக்கணக்கில் தின்றால்தான் தெரியும். பெரியம்மா சொன்னது பொய் என்றால் அந்தப் பஞ்ச மாதங்களில் நைட்ரஜன் கணக்கைக் காட்டுகிற கோடு ஏறாமல் சமமாகப் போகும். அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் முடிவு வந்தது. வேரில் இருந்து மூன்றாவது சென்டிமீட்டர் முடிகிற இடத்தில் நைட்ரஜன் கோடு ஏறி, எட்டாவது சென்டிமீட்டர்வரை மேலேயே நின்று, அப்புறம் இறங்கியிருந்தது. அறுத்த மாதத்திலிருந்து பின்னால் எண்ணினேன். பங்குனி தொடங்கி ஐந்து மாதம்.

மறுபடியும் எண்ணினேன், ஐந்துதான். பிறகு கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது. நான் புளியங்கொட்டையை வறுத்து உடைத்துத் தின்றுகொண்டிருந்த ஐந்து மாதமும் இவள் மீன் தின்றிருக்கிறாள். பெரியம்மா சொன்னது உண்மை. அய்யா சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டது நியாயம். நான் முப்பத்திரண்டு வருஷம் காட்டிக்கொடுத்தேனே, காட்டிக்கொடுத்தேனே என்று யாருக்காக உருகினேன்? அந்தத் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. அம்மா ரெண்டு தடவை பக்கத்து வீட்டு செல்போனில் பேசினாள். "வேலை கெடக்கும்மா" என்று வைத்துவிட்டேன். வருஷா வருஷம் குண்டு மிளகாய் வற்றலைப் பையில் கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவாள். அந்த வருஷமும் வந்தது. பையைப் பிரிக்காமல் மூலையில் வைத்தேன்.

மாசிக் கடைசியில் மெஹருன்னிசாவின் முடி முடிவும் வந்தது. கீழக்கரைக்காரி, வீட்டில் மீன் இல்லாமல் ஒரு வேளை கிடையாது. மீன் தின்கிற உடம்புக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்று அவளிடமே கேட்டு வாங்கியிருந்தேன். அவள் கோடு எதிர்பார்த்த மாதிரி உயரத்திலேயே இருந்தது. நடுவில் ஒரு மூன்று சென்டிமீட்டர் இன்னும் எழும்பியிருந்தது. நோயாளிகள் போனபிறகு தாளை அவளிடம் காட்டினேன். "டாக்டரம்மா, போன வருஷம் இந்த மூணு மாசம் மீன் கடையையே காலி பண்ணிட்டீங்க போலயே" என்று சீண்டினேன்.

அவள் நாளை எண்ணிப் பார்த்தாள். உடனே சிரித்தாள். "அல்லாவே, போங்கக்கா. அந்த மூணு மாசம் மகன் வயித்துல. மீன்னு யாராச்சும் பேரச் சொன்னாலே வாந்தி. உம்மா அடுப்பையே பின்னால கொல்லைக்குக் கொண்டுபோயிட்டாங்க. தண்ணிகூட உள்ள தங்கல. ஆறு கிலோ எறங்கி, குளுக்கோஸ் ஏத்துனாங்க. ஒங்க மிஷினு நல்லாப் பொய் சொல்லுதுக்கா."

மிஷின் பொய் சொல்லாது. அது முடியை எரித்து அணுவை எண்ணுகிறது, அத்தோடு அதன் வேலை முடிந்தது. மீன் என்று சொன்னது நான். உள்ளே சோறு போகாதபோது உடம்பு தன் சொந்தச் சதையை உடைத்துத் தின்னத் தொடங்கும், அந்தச் சதையில் இருந்துதான் முடியும் வளரும். அப்போதும் கனமான நைட்ரஜன் கூடும். கறி தின்கிற உடம்புக்கும் தன் கறியைத் தானே தின்கிற உடம்புக்கும் கோடு ஒரே பக்கம்தான் ஏறும். மசக்கை வாந்தியில் ஏறும் என்று ஒரு கட்டுரையே இருந்தது. நான் அதைப் படித்திருக்கிறேன், பென்சிலால் அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன். அறுபத்தொன்றாம் தாளைப் பார்த்தபோது அது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்குத் தாளைப் பார்த்தது ஏழு வயசுப் பிள்ளை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் மிச்சமிருந்த முடியை ஒவ்வோர் இழையாக மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். பட்டினி கிடந்தால் முடியின் பருமன் குறையும். நன்றாக மீன் தின்கிறவளுக்கு முடி இளைக்காது. இருபது இழை அளந்தேன். இருபதும் மூன்றாவது சென்டிமீட்டர் முடிகிற இடத்தில் மெலிந்து, எட்டாவது சென்டிமீட்டர்வரை மெலிந்தே போய், அதற்கு அப்பால் பழைய பருமனில் இருந்தன. ஒரு இழைகூடத் தப்பவில்லை. அந்த ஐந்து மாதமும் எல்லோருக்கும் ஊற்றிவிட்டு அம்மா பானையோடு தனியாக உட்கார்ந்தாளே, அந்தப் பானையில் ஒன்றும் இருந்திருக்கவில்லை. கழுவிய தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறாள். நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்து மேஜைப் பெண் தலைவலி மாத்திரை வேண்டுமா என்று கேட்டாள்.

இந்தத் தாளை யார் முகத்தில் எறிவது? அய்யா போய்ப் பத்து வருஷம். பெரியம்மா போய் அஞ்சு வருஷம். மிச்சம் இருந்தது அம்மா ஒருத்திதான். சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

அம்மா களத்தில் மிளகாய் காயப்போட்டு, உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து கையால் கிளறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாத்தா, இப்பத்தான் வழி தெரிஞ்சதா?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கிளற ஆரம்பித்தேன். சும்மா இருந்தால் பேச்சு வராது.

"அம்மா, உன் முடிய மிஷின்ல குடுத்துப் பாத்தேன்."

"எந்த முடி?"

"சவுரி."

"அடியே, அத அறுத்துட்டியா?"

"கொஞ்சூண்டுதாம்மா." தெரிந்த அளவுக்கு விளக்கினேன். முடி மாதம் ஒரு விரல்கடைகூட வளராது, அதற்குள் அந்த மாதம் தின்றது இருக்கும் என்றேன். "அந்தப் பஞ்சத்துல கோடு ஏறி இருந்துச்சு. நீ மீன் தின்னேன்னு நெனச்சு எனக்குக் கோவம். அதான் பொங்கலுக்கு வரல. ஆனா நான்தான் தப்பாப் படிச்சுட்டேன். நீ ஒண்ணுமே திங்கலம்மா. அஞ்சு மாசம் ஒன் ஒடம்பு ஒன் சதையத்தான் தின்னுருக்கு. மிஷின்ல இருக்கு. யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது."

அம்மா கிளறுவதை நிறுத்தவில்லை. அப்படியே, "ஒண்ணுமே திங்கலைன்னா சொல்லுது?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்ப அதுக்கு முழுசாத் தெரியல. நான் தின்னேன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"ஒரு துண்டு. சாளைக் கருவாடு. நாலு நாளா நீச்சத்தண்ணிதான் குடிச்சுக்கிட்டு இருந்தேன். கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. ஒறியில இருந்து ஒரு துண்ட எடுத்து, கங்குல வாட்டி, நின்னமானைக்கே தின்னுட்டேன். நீ அங்கனதான் பாயில தூங்கிக்கிட்டுக் கெடந்த. எழுப்பி ஒரு வாய் குடுத்திருக்கலாம். எழுப்பல. எழுப்புனா பாதி போயிருமேன்னு நெனச்சேன்."

"ஒரு துண்டு மிஷினுக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியுமுல்ல."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "ஒரு துண்டுக்கா? ஒரு துண்டுக்கா இருபத்து மூணு வருசம் சொளக நீட்டிக்கிட்டு நின்ன? அய்யாகிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"அவுக உள்ள வந்து ஒரே வார்த்தைதான் கேட்டாக. தின்னியான்னாக. தின்னேன்னேன். எத்தனைன்னு அவுக கேக்கல." ஒரு பழுதான மிளகாயைப் பொறுக்கித் தனியே போட்டாள். "கேட்டாலும் நான் என்ன சொல்ல? புள்ள பக்கத்துல கெடக்கத் தனியாத் தின்னவளுக்கு ஒரு துண்டு என்ன, ஒம்பது துண்டு என்ன?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்து மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொல்லிவிட்டேன். "அம்மா, பெரியம்மாகிட்டச் சொன்னது நான்தான். ஒன் வாயில வாடை அடிச்சுச்சு. நான்தான் போய்ச் சொன்னேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எடுப்புல இருந்து எறங்கி ஓடுனியே, அப்பவே தெரியும். கூப்புடலாம்னு வாயத் தொறந்தேன், கூப்புடல." அம்மா அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். "ஒம்மேல என்ன தப்பு தாயி? எழுப்பி ஒரு வாய் குடுத்திருந்தா நீ ஏன் போய்ச் சொல்லப்போற?"

எனக்கு வாய் கோணிக்கொண்டது. நான் அவளுக்குச் செய்த துரோகம் என்று நான் எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதையே தான் எனக்குச் செய்த துரோகம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அடுப்படியிலோ பஸ்ஸிலோ ஆஸ்பத்திரி வராந்தாவிலோ எங்காவது ஒரு தடவை யாராவது ஒருத்தி வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. நான் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன்.

அம்மா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். "மொளகாக் கையி, கண்ணுல வைக்காத" என்று சொல்லிவிட்டு, தன் முந்தானையின் உள்பக்கத்தைத் தேடி எடுத்து என் முகத்தைத் துடைத்தாள். நான் அவள் பிடித்த கையை உருவிக்கொள்ளாமல் அப்படியே அவள் மடியில் சாய்ந்துகொண்டேன். அந்தத் தாளை நான் பையில் இருந்து வெளியே எடுக்கவே இல்லை.